விழாக்காலப் பரிசு: விலையா, வேலைப்பாடா?



கார்த்திகை மழை ஓய்ந்து, மார்கழிப் பனி எட்டிப் பார்க்கிறது. வீரகேரளம்புதூரைச் சூழ்ந்த சிற்றாற்றுச் சீமையில் வீட்டு வாசல்தோறும் விண்மீன் விளக்குகள் ஏறுகின்றன. சுரண்டைக் கடைவீதியிலும் பாவூர்சத்திரத்திலும் கூட்டம் நெரிகிறது. திருவருகைக் காலத்தின் முதல் மெழுகுதிரி ஏற்றப்பட்டதுமே நம் இல்லங்களில் ஒரு கணக்கும் தொடங்கிவிடுகிறது. ஞானப் பிள்ளைக்கு என்ன வாங்குவது? மணமாகி முதல் கிறிஸ்மஸ் கொண்டாட வரும் மகளுக்கும் மருமகனுக்கும் என்ன செய்வது? ஆண்டெல்லாம் நம் பிள்ளைகளுக்கு மறைக்கல்வி புகட்டிய உபதேசியாருக்கு வெறுங்கையை நீட்டலாமா? தீபாவளிக்கும் பெருநாளுக்கும் நமக்குத் தட்டு நிறையப் பலகாரம் அனுப்பிய அண்டை வீட்டாருக்கு நாம் என்ன அனுப்புவது?

கொடுத்து மகிழ்வது நல்ல வழக்கமே. அதை வேண்டாமென்று சொல்ல நாம் இங்கே வரவில்லை. ஆயினும், எதைக் கொடுக்கிறோம், அதை எப்படி வாங்குகிறோம் என்பதை நின்று சிந்திக்கும் இல்லங்கள் மிகச் சிலவே. சிந்திக்காதவர்களின் பட்டியலில் நம் பெயரும் இருந்தது. ஆதலால் முதலில் நம் பிழையைச் சொல்லிவிடுகிறோம்.

நாம் செய்த பிழை

சென்ற ஆண்டு டிசம்பர் முதல் வாரத்தில் பத்தமடைக்குச் சென்றிருந்தோம். உறவினர் இல்லத்துப் புதுமணத் தம்பதியருக்குக் கோரைப் பாய் ஒன்று வாங்குவது நோக்கம். தெருவொன்றில், இஸ்லாமியத் தாயார் ஒருவர் தம் வீட்டுத் திண்ணையில் பாயை விரித்துக் காட்டினார். இருபுறமும் செந்நிறக் கரை, நடுவே மெல்லிய கட்டங்கள், தடவிப் பார்த்தால் புல் என்று நம்ப முடியாத மென்மை. துணியை மடிப்பதுபோல் அவர் அதை மடித்துக் காட்டியபோது வியந்து நின்றோம். வியந்தபின் நாம் செய்தது என்ன? விலையைக் குறைக்கச் சொன்னோம்! கால் மணி நேரம் வாதாடி இருநூறு ரூபாயைக் குறைத்தும்விட்டோம்.

“பண்டிகைக்குன்னு கேக்கீங்க, எடுத்துக்கிடுங்க ஐயா” என்றார் அவர்.

பணத்தைக் கொடுத்த பிறகுதான், இதை முடிக்க எத்தனை நாள் ஆயிற்று என்று பேச்சுவாக்கில் வினவினோம். “நானும் மகளும் மாறி மாறி உக்காந்து ஒரு மாசத்துக்கு மேல ஆச்சு. மழையில கோரை காயல” என்றார். அவர் குறையாக அதைச் சொல்லவில்லை. கேட்டதற்கு விடையாகவே சொன்னார்.

திரும்பும் வழியில் நகரத்துக் கடையொன்றில் அந்தப் பாயைச் சுற்றுவதற்குப் பளபளக்கும் தாளும், நாடாவும், ஒட்டுப் பூவும் வாங்கினோம். வீட்டுக்கு வந்து கணக்கு எழுதியபோது அந்த அலங்காரத்தின் தொகை இருநூற்றுப் பத்து ரூபாய் என்று கண்டோம். ஒரு மாத உழைப்பிலிருந்து பிடுங்கிய இருநூறு ரூபாயை, ஒரு நிமிடத்தில் கிழித்தெறியப்படும் தாளுக்குக் கொடுத்திருக்கிறோம். அந்தத் தாளுக்கு நாம் பேரம் பேசவுமில்லை. அச்சிட்ட விலையை மறுபேச்சின்றிக் கொடுத்தோம். இயந்திரத்தில் வந்த பொருளுக்கு முழு விலை. கையால் நெய்த பொருளுக்குக் குறைத்த விலை. இதுவே நம்மில் பலருடைய வழக்கமாகவும் இருக்கிறது அன்றோ?

நல்ல பரிசின் அடையாளங்கள்

பரிசு என்றதும் நம் நினைவுக்கு வருவோர் கீழ்த்திசை ஞானிகள். அவர்கள் பொன்னும் தூபமும் வெள்ளைப்போளமும் கொணர்ந்தனர். பொன் அரசருக்குரியது, தூபம் இறைவனுக்குரியது, வெள்ளைப்போளம் அடக்கத்துக்குரியது, ஆகவே இறக்கப்போகும் மனிதருக்குரியது என்று திருச்சபையின் மரபு விளக்கம் தருகிறது. விலையுயர்ந்தவை என்பதைவிட, பெறுபவர் யார் என்பதை அறிந்து கொடுக்கப்பட்டவை என்பதே அப்பரிசுகளின் சிறப்பு. ஆகவே நல்ல பரிசின் முதல் அடையாளம், அது பெறுபவரை அறிந்ததாக இருத்தல்.

இரண்டாவது அடையாளம் வேலைப்பாடு. பளபளப்பை அழகென்று கொள்வது பெரும் மயக்கம். நேர்கோடு நேராக ஓட வேண்டும்; மூடி பானைக்குப் பொருந்த வேண்டும்; விளிம்பு கையைக் கிழிக்கக் கூடாது; பத்தாண்டு சென்றும் பயன்பட வேண்டும். இந்த நேர்த்தியே பொருளின் அழகு. கிறிஸ்மஸ் இரவில் பிள்ளையின் கைக்கு வரும் மின்கல மோட்டார் வண்டி, மூன்று அரசர் திருநாளுக்குள் சக்கரம் கழன்று மூலையில் கிடப்பதை நாம் எத்தனை இல்லங்களில் கண்டிருக்கிறோம்!

மூன்றாவது அடையாளம் நியாயம். அப்பொருளைச் செய்தவருக்கு உரிய கூலி சேர்ந்ததா என்பது. இதைப் பரிசு கொடுப்பவரும் பெறுபவரும் பொதுவாகக் கேட்பதேயில்லை. பத்தமடையில் நாம் தவறியது இந்த மூன்றாவதில்தான்.

ஒரே இருப்புப்பாதையில் மூன்று தொழில்கள்

இத்தகைய பொருள்களைத் தேடிச் சென்னைக்கோ மதுரைக்கோ போக வேண்டியதில்லை. வீரகேரளம்புதூரிலிருந்து பேருந்தில் பாவூர்சத்திரம் சென்று, திருநெல்வேலி செல்லும் தொடர்வண்டியில் ஏறினால், கடையத்தைத் தாண்டி அம்பாசமுத்திரம், கல்லிடைக்குறிச்சி, வீரவநல்லூர், காருக்குறிச்சி, சேரன்மகாதேவி என்று நிலையங்கள் வரிசையாக வரும். அம்பையில் மரச் சொப்பு, காருக்குறிச்சியில் மண்பாண்டம், சேரன்மகாதேவியில் இறங்கிச் சற்றுத் தொலைவு சென்றால் பத்தமடைப் பாய். இடையே கல்லிடைக்குறிச்சியின் அப்பளம் வேறு. தாமிரவருணி ஊட்டி வளர்த்த தொழில்கள் இவை. ஒரு பகற்பொழுதில் பார்த்துத் திரும்பிவிடலாம்.

அம்பாசமுத்திரத்துச் சொப்புச் சாமான் நம் பாட்டிமார் விளையாடியது. அடுப்பு, குடம், பானை, அம்மி, உரல், உலக்கை, திருகை என்று ஒரு சமையற்கட்டே உள்ளங்கையில் அடங்கும். கடைசல் பட்டறையில் மரத்துண்டைச் சுழலவிட்டு உளியால் உருவம் கொடுப்பர். மரம் சுழன்றுகொண்டிருக்கும்போதே அரக்குக் கட்டியை அதன்மேல் அழுத்த, உராய்வின் சூட்டில் அரக்கு உருகி, நிறமும் மெருகும் ஒருசேர ஏறும். கடைசல் மரப் பொருள்களில் நாம் காணும் அந்தக் கண்ணாடி மினுக்கின் இரகசியம் இதுதான். ஞானப் பிள்ளைக்கு ஓலைப் பெட்டி நிறையச் சொப்பு, கைக்குழந்தைக்குக் கிலுகிலுப்பை, நடை பயிலும் பிள்ளைக்கு நடைவண்டி, சற்று வளர்ந்தவனுக்குப் பம்பரம் என்று வயதறிந்து கொடுக்கலாம்.

வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. ஈர விரலால் தேய்த்தால் நிறம் ஒட்டக் கூடாது. மூக்கருகே கொண்டுபோனால் நெடி வீசும் சாயம் பூசியதை விலக்க வேண்டும். ஓரங்கள் வழுவழுப்பாக இருக்க வேண்டும். மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைக்கு வாயில் போட்டுக்கொள்ளக்கூடிய சிறு சாமான் எதையும் கொடுத்தலாகாது. அழகைவிடக் குழந்தையின் மூச்சு பெரிது.

காருக்குறிச்சி என்றதும் நாதசுரச் சக்கரவர்த்தி அருணாசலம் நினைவுக்கு வருவார். அவ்வூரின் மண்பாண்டங்களும் பெயர் பெற்றவை. குழம்புச் சட்டி, தண்ணீர்ப் பானை, மூடியிட்ட குவளை, அகல் விளக்கு எல்லாம் கிடைக்கும். புதிதாகக் குடித்தனம் தொடங்கியவர்களுக்கு இரண்டு நல்ல சட்டிகளும் ஒரு தண்ணீர்ப் பானையும் போல உதவும் பரிசு வேறில்லை. பானையை ஒரு கையில் தூக்கி, மறு கையின் விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். கணீரென்று ஒலித்தால் நன்கு வெந்தது. மழுங்கிய ஒலி வந்தால் எங்கோ கீறல் இருக்கிறது. சமையற் சட்டியைக் கொடுக்கும்போது, அரிசி கழுவிய நீரில் ஊறவைத்துப் பழக்கிய பின்னரே அடுப்பேற்ற வேண்டும் என்று ஒரு சிறு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். சீட்டில்லாமல் கொடுத்த சட்டி முதல் நாளிலேயே வெடித்தால், பழி குயவர்மேல் அல்லவா விழும்?

பத்தமடைப் பாயைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். ஆற்றுப் படுகையில் வளரும் கோரையைப் பச்சையாக அறுத்து, வெயிலில் உலர்த்தி, நீரில் ஊறவைத்து, மீண்டும் உலர்த்தி, ஒவ்வொரு தாளையும் நீளவாக்கில் கத்தியால் கீறுவர். கண்ணும் விரலுமே அதற்கு அளவுகோல். எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ அவ்வளவு நேர்த்தியாகப் பாய் அமையும். நூலைப் பாவாகக் கட்டி, கீறிய கோரையை ஊடாகச் செலுத்தி, தரையில் அமர்ந்து நெய்வர். மிக நுண்ணிய பாயைப் பட்டுப் பாய் என்றே அழைப்பது வழக்கம். 1953-ஆம் ஆண்டு இங்கிலாந்து அரசி இரண்டாம் எலிசபெத்தின் முடிசூட்டு விழாவுக்கு இவ்வூர்ப் பாய் அன்பளிப்பாகச் சென்றதை ஊரார் இன்றும் பெருமையுடன் சொல்வர். 1999-ஆம் ஆண்டின் புவிசார் குறியீட்டுச் சட்டத்தின்கீழ்ப் பத்தமடைப் பாய் பதிவும் பெற்றிருக்கிறது.

மணமக்களின் பெயரையும் திருமண நாளையும் பாயிலேயே நெய்து வாங்கும் வழக்கம் நம் மாவட்டங்களில் உண்டு. அதற்கு ஓரிரு மாதங்கள் முன்னதாகவே சொல்லி வைக்க வேண்டும். மழைக்காலத்தில் கோரை உலர்வது கடினம். ஆகவே கிறிஸ்மஸுக்கு வேண்டியதை ஆவணியிலேயே சொல்லி வைப்பது அறிவுடைமை. வாங்கும்போது பாயை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். இடைவெளி எங்கும் ஒரே சீராக இருக்க வேண்டும். ஈரத் துணியால் ஒரு மூலையைத் துடைத்தால் சாயம் இறங்கக் கூடாது. கோரைபோல் தோன்றும் நெகிழிப் பாய்களும் சந்தையில் உலவுகின்றன; முகர்ந்து பார்த்தால் வேறுபாடு விளங்கிவிடும். புல்லுக்குப் புல்லின் மணம் உண்டு.

கடற்கரையும் குடிலும்

இருப்புப்பாதையை விட்டுக் கிழக்கே கடற்கரைக்குச் சென்றால் மணப்பாடு. 1542-இல் நம் நாட்டுக்கு வந்த புனித பிரான்சிஸ் சவேரியார் தங்கிச் செபித்த குகையும், திருச்சிலுவை ஆலயமும் உள்ள அவ்வூரைத் திருயாத்திரையாகப் பலர் கண்டிருப்பீர்கள். பனையோலை முடைதல் அங்குள்ள பெண்களின் கைத்தொழில். குருத்தோலையைக் கிழித்து, உலர்த்தி, சாயமேற்றி, மூடிபோட்ட பெட்டிகளாகவும் கூடைகளாகவும் முடைவர். அண்டை வீட்டாருக்குப் பலகாரம் அனுப்ப நெகிழித் தட்டும் பளபளத் தாளும் எதற்கு? ஓர் ஓலைப் பெட்டியில் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் வைத்து அனுப்புங்கள். பலகாரம் தீர்ந்தபின்னும் பெட்டி அவ்வீட்டில் இருக்கும். நோயுற்ற முதியோருக்கு உடன்குடிக் கருப்பட்டியும் பனங்கற்கண்டும் அதே பெட்டியில் செல்லலாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு மட்டும் இனிப்பைத் தவிர்த்துப் பெட்டியைக் கொடுங்கள்.

குடிலைப் பற்றியும் ஒரு சொல். 1223-ஆம் ஆண்டு கிரேச்சியோ என்னும் சிற்றூரில் புனித அசிசி பிரான்சிஸ் வைக்கோலும் மாடும் கழுதையும் கொண்டு பிறப்புக் காட்சியை அமைத்தார். அவ்வழக்கம் எண்ணூறு ஆண்டுகளைக் கடந்து நம் வீட்டுத் திண்ணை வரை வந்திருக்கிறது. மதுரையை அடுத்த விளாச்சேரியில் நவராத்திரிக் கொலுவுக்குப் பொம்மை செய்யும் அதே குடும்பங்கள், அதன்பின் சூசையப்பரையும் மரியன்னையையும் இடையர்களையும் மண்ணில் வார்க்கின்றன. சமயம் கடந்து ஒரே மண்ணில் நடக்கும் இந்த வேலையைவிடக் கிறிஸ்மஸுக்குப் பொருத்தமான காட்சி எது? உங்கள் இல்லத்துக் குடிலில் உடைந்த உருவங்களை மாற்ற எண்ணினால், இத்தகைய மண் உருவங்களைத் தேடுங்கள். திருமணமான மகளுக்குக் குடில் தொகுதி ஒன்று கொடுத்தால், அது அவள் பிள்ளைகள் காலம் வரை ஆண்டுதோறும் பெட்டியிலிருந்து வெளிவரும்.

வாங்குபவரின் பொறுப்பு

தஞ்சையில் 1892-இல் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்து, இலண்டனிலும் அமெரிக்காவிலும் பயின்று, காந்தியடிகளோடு இணைந்த பொருளியல் அறிஞர் ஜே.சி. குமரப்பாவை இன்றைய இளைஞர் பலர் அறியார். 1934-இல் தோன்றிய அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை வார்தாவில் இருந்து நடத்தியவர் அவர். ஒரு பொருளுக்குப் பண மதிப்பு மட்டுமின்றி அற மதிப்பும் உண்டு என்பது அவருடைய உறுதியான கொள்கை. அப்பொருள் எப்படிச் செய்யப்பட்டது, செய்தவர் எந்நிலையில் வாழ்கிறார் என்று கேட்கும் கடமை வாங்குபவருக்கு உண்டு. கேளாமல் வாங்கினால், செய்தவருக்கு இழைக்கப்பட்ட அநீதியில் வாங்கியவரும் பங்காளியாகிறார் என்று அவர் வாதிட்டார்.

இவ்வுண்மை நம் வட்டாரத்துத் தாய்மாருக்குப் புதிதன்று. தென்காசிச் சீமையில் எத்தனை இல்லங்களின் அடுப்பு பீடி சுற்றும் கைகளால் எரிகிறது என்பது நமக்குத் தெரியும். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்று பேசிய கூலியில், தரம் சரியில்லையென்று சில கட்டுகளைக் கழித்துவிட்டால் அந்தத் தாயின் முகம் எப்படி வாடும்? முதுகொடியச் சுற்றியது அவள். கழித்தவருக்கோ அது ஒரு நொடி வேலை. அந்த வேதனையை அறிந்த நாமே பத்தமடைத் திண்ணையிலும் அம்பைப் பட்டறையிலும் நின்று, பிறருடைய கூலியைக் கழிக்கலாமா? அவ்வீட்டு மகள், அம்மாவின் உழைப்புக்குக் கிடைத்த மரியாதையைப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறாள். தறியில் அமர்வதா, வேறு வேலை தேடுவதா என்று அவள் முடிவு செய்யும் நாளில் நம் பேரமும் அவள் நினைவுக்கு வரும். நல்ல பாய் இப்போது கிடைப்பதில்லை என்று பின்னர் நாம் வருந்திப் பயனில்லை.

இதனால் எல்லாரும் விலையுயர்ந்த கைவினைப் பொருளையே வாங்க வேண்டும் என்பது கருத்தன்று. கந்துவட்டிக்கு வாங்கிக் கொடுக்கும் பரிசு, கொடுத்தவர் வீட்டில் பங்குனி வரை அழுகையாக நிற்கும். பட்டுப் பாய்க்கு வசதியில்லையேல் சாதாரணக் கோரைப் பாய்; அதற்கும் இயலாதேல் ஒரு தடுக்கு; அதுவுமில்லையேல் நான்கு அகல் விளக்குகள். பத்துப் பேருக்குப் பத்து அற்பப் பொருள்களை வாரி வழங்குவதைவிட, குடும்பமாக ஒன்றுகூடி, இவ்வாண்டு இன்னாருக்கு என்று மூவரையோ நால்வரையோ தேர்ந்து, அவர்களுக்குத் தகுந்ததை முன்னதாகத் திட்டமிட்டு வாங்குங்கள். அந்தப் பட்டியலில் நமக்குத் திருப்பித் தர இயலாத ஒருவர் பெயராவது இருக்கட்டும். நான்காம் நூற்றாண்டில் மீரா நகரின் ஆயராக விளங்கிய புனித நிக்கோலாஸ், ஏழை வீட்டுப் பெண்களுக்கு இரவில் மறைந்து சென்று பொன் கொடுத்ததாக மரபு கூறுகிறது. பெயரட்டை ஒட்டாத பரிசு அது.

வாங்கப் போகும்போது பிள்ளைகளையும் அழைத்துச் செல்லுங்கள். குயவரின் சக்கரத்தையும் கடைசலையும் பாய்த்தறியையும் ஒருமுறை கண்ட பிள்ளை, தன் கைக்கு வந்த பொருளை அலட்சியமாக எறியாது. விலை கேட்கும் முன் எத்தனை நாள் வேலை என்று கேட்கும் பழக்கத்தையும் அங்கேயே கற்றுக்கொடுங்கள். விலையைக் கேட்டபின் அந்தக் கேள்வியைக் கேட்ட நமக்கு நேர்ந்தது உங்களுக்கு நேர வேண்டாம்.

இவ்வாண்டு ஆவணி மாதத்திலேயே அந்தத் தெருவுக்கு மீண்டும் சென்று ஒரு பாய்க்குச் சொல்லி வைத்தோம். சென்ற வாரம் அதை வாங்கச் சென்றபோது, கேட்ட விலையைக் கொடுத்து, மேலும் இருநூறு ரூபாயைச் சேர்த்து நீட்டினோம். அந்தத் தாயார் எண்ணிப் பார்த்து, கூடுதல் தாள்களைத் தனியே எடுத்துத் திருப்பிக் கொடுத்தார்.

“அது போன வருசத்துக் கணக்குல்லா? முடிஞ்சு போச்சு ஐயா” என்றார்.

நாம் வற்புறுத்தினோம். அவர் உள்ளே சென்று, மகள் தன் கையால் நெய்து முடித்த சிறு தடுக்கு ஒன்றைக் கொண்டுவந்து நம் கையில் வைத்த பிறகே அப்பணத்தைப் பெற்றுக்கொண்டார். உழைப்புக்கு ஈடில்லாத காசு அவருக்கு வேண்டியிருக்கவில்லை. கரை சற்றே கோணலாக ஓடும் அந்தத் தடுக்கின்மேல்தான் இவ்வாண்டு நம் இல்லத்துக் குடிலை அமைத்திருக்கிறோம். பாய்க்கு இம்முறை பளபளத் தாள் எதுவும் சுற்றவில்லை. நெய்தவரின் ஊர்ப் பெயரை ஒரு சீட்டில் எழுதி உள்ளே வைத்திருக்கிறோம்.

அன்பர்கள் அனைவருக்கும் கிறிஸ்து பிறப்பு விழா வாழ்த்துக்கள். பாலன் இயேசுவின் அமைதி உங்கள் இல்லங்களிலும், உங்களுக்காக உழைக்கும் கைகளுக்குரியோர் இல்லங்களிலும் நிறைவதாக!